கவனமா இருந்தா மட்டும் போதுமா?

‘கவனமா இரு’ என்பதைப் போல உபயோகமில்லாத அறிவுரை தமிழில் வேறு இல்லை. சொல்கிறவருக்குச் செலவில்லை. கேட்கிறவருக்குப் பலனில்லை. ஏதாவது விபரீதம் நடந்துவிட்டால் மட்டும், ‘நான்தான் அப்பவே சொன்னேனே’ என்று தப்பித்துக்கொள்ள உதவும்.

சாஃப்ட்வேர் தொழிலில் பாதி இந்த ஒரு அறிவுரையின் மேல்தான் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது என் குற்றச்சாட்டு. பி.காம். படித்தவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். பி.காம். படித்ததால்தான் கேட்கிறேன். ஏன் என்று கொஞ்ச நேரத்தில் சொல்கிறேன்.

1992 அக்டோபர் 26. லண்டன் ஆம்புலன்ஸ் சர்வீஸ் தன் பழைய காகிதச் சீட்டு முறையை விட்டுவிட்டு, கம்ப்யூட்டர் மூலம் வண்டிகளை அனுப்பத் தொடங்கியது. முதல் இரண்டு நாள் ஒரே குளறுபடி. சமாளித்து ஓட்டினார்கள். நவம்பர் 4ஆம் தேதி விடியற்காலையில் கம்ப்யூட்டர் மெதுவாகி, மெதுவாகி, நின்றே விட்டது. பழையபடி காகிதத்துக்கும் பேனாவுக்கும் திரும்பினார்கள். விசாரணை நடந்தது. காரணம் என்ன தெரியுமா? சுமார் மூன்று வாரம் முன்னால் ஒரு ப்ரோக்ராமர் ஏதோ வேலையாகச் சில வரிகள் எழுதி, அவற்றை எடுக்க மறந்துவிட்டார். ஒவ்வொரு வண்டி புறப்படும்போதும் அந்த வரிகள் கொஞ்சம் மெமரியை எடுத்துக்கொள்ளும், திருப்பித் தராது. சொட்டுச் சொட்டாக ஒழுகி ஒருநாள் தொட்டி காலி.

விசாரணை அறிக்கை இதற்கு வைத்த பெயர்களில் முதலாவது, கவனக்குறைவு.

எனக்குச் சண்டை இந்த வார்த்தையோடுதான். நம்ம ஊரில் 108 ஆம்புலன்ஸ் 2008லிருந்து ஓடுகிறது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்பா சாய்ந்து கிடக்கும்போது 108ஐ அழுத்துகிற நீங்கள், எங்கோ ஒரு பையன் மூன்று வாரம் முன்னால் கவனமாக இருந்தானா என்பதை நம்பியா அழுத்துகிறீர்கள்? அந்த நிலைமையில் நம்மை வைத்திருப்பது யார்? அந்தப் பையனா, அவன் கையில் அந்தக் கருவியைக் கொடுத்தவர்களா?

சமாசாரம் இதுதான். ப்ரோக்ராம் என்பது ஒரு வாடகைக்காரன். மெமரி வேண்டும் என்று கம்ப்யூட்டரிடம் கேட்டு வாங்கும். ஃபைலைத் திறக்கும். நெட்வொர்க் இணைப்பு போடும். வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் திருப்பித் தரவேண்டும். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய ‘சி’ மொழியில், வாங்குவது ஒரு வரி. திருப்பிக் கொடுப்பது வேறு ஒரு வரி. இரண்டுக்கும் நடுவில் ஆயிரம் வரி இருக்கலாம். முதல் வரியை எழுதியவர் வேலையை விட்டுப் போயிருக்கலாம். நடுவில் ஏதாவது தப்பு நேர்ந்து ப்ரோக்ராம் வேறு வழியில் வெளியேறினால், திருப்பிக் கொடுக்கும் வரியைத் தொடாமலேயே போய்விடும்.

மயிலாப்பூர்க்காரர்களுக்கு இதைப் புரியவைக்க ரொம்பச் சிரமப்பட வேண்டாம். தெருவைத் தோண்டுகிறது ஒரு இலாகா. மறுபடி ரோடு போடவேண்டியது இன்னொரு இலாகா. தோண்டுகிறவருக்கு மூடும் கவலை இல்லை. மூடவேண்டியவருக்கு எப்போது தோண்டினார்கள் என்றே தெரியாது. நடுவில் மழை வரும். நீங்கள் ஸ்கூட்டரோடு உள்ளே போவீர்கள். ‘பார்த்துப் போகக்கூடாதா சார்?’ என்று கேட்பார்கள். கவனக்குறைவு, உங்களுடையது!

திருப்பிக் கொடுப்பதில் தப்பு பண்ண மூன்று வழி இருக்கிறது. ஒன்று, மறந்துபோவது, லண்டனில் நடந்தது. இரண்டு, ஒரே பொருளை இரண்டு தடவை திருப்பிக் கொடுப்பது, கணக்கு குழம்பிவிடும். மூன்றாவதுதான் பயங்கரம். திருப்பிக் கொடுத்த பிறகும் உபயோகிப்பது. வீட்டைக் காலி பண்ணி, அட்வான்ஸையும் வாங்கிக்கொண்டு, கையிலிருக்கும் டூப்ளிகேட் சாவியை வைத்து மறுபடி உள்ளே போனால் எப்படி? அங்கே இப்போது வேறு குடும்பம் இருக்கிறது. அவர்கள் பீரோ, அவர்கள் நகை. கம்ப்யூட்டர் திருடர்களுக்கு ரொம்பப் பிடித்த வாசல் இதுதான். தன் சாஃப்ட்வேரில் வருஷா வருஷம் அடைக்கும் பாதுகாப்பு ஓட்டைகளில் சுமார் 70 சதவிகிதம் இப்படிப்பட்ட மெமரித் தவறுகள்தான் என்று 2019ல் மைக்ரோசாஃப்டே சொன்னது. உலகத்திலேயே நல்ல சம்பளம் வாங்குகிற, நல்லாப் படித்த ப்ரோக்ராமர்கள் இருக்கும் இடம் அது. அவர்கள் அத்தனை பேருமா கவனமில்லாதவர்கள்?

இப்போது பி.காமுக்கு வருகிறேன்.

1494ல் வெனிஸ் நகரத்தில் லூகா பச்சோலி என்கிற பாதிரியார் ஒரு கணக்குப் புத்தகம் அச்சிட்டார். வியாபாரிகள் அதற்கு முன்பே கையாண்டு வந்த இரட்டைப் பதிவு முறையை அதில் விளக்கியிருந்தார். ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு. இரண்டு பக்கமும் கூட்டினால் ஒன்றாக வரவேண்டும். வராவிட்டால் எங்கோ தப்பு. இதில் எல்லாத் தப்பும் பிடிபடாது என்று முதல் வருஷ வகுப்பிலேயே சொல்லிக் கொடுப்பார்கள். ஆனாலும் ஐந்நூறு வருஷமாக உலகம் இதை விடவில்லை. ஏன்? அது குமாஸ்தாவின் நல்ல குணத்தை நம்பவில்லை. முறையை நம்பியது. ‘கணக்குப் பிள்ளையே, கவனமா எழுது’ என்று உபதேசம் பண்ணுவதோடு நிறுத்தாமல், தப்பாக எழுதினால் காட்டிக்கொடுக்கிற மாதிரி நோட்டையே அமைத்தது.

இந்த ஞானம் ப்ரோக்ராமர்களுக்கும் வந்தது. அதே பெல் ஆய்வுக்கூடத்தில் 1979ல் வேலையை ஆரம்பித்த பியார்னே ஸ்ட்ராவ்ஸ்ட்ரப், ‘சி ப்ளஸ் ப்ளஸ்’ என்று பிற்பாடு பெயர் பெற்ற மொழியில் ஒரு காரியம் செய்தார். ஒரு பொருளை உண்டாக்கும்போதே, அது அழியும்போது என்ன செய்யவேண்டும் என்பதையும் அதோடு சேர்த்துத் தைத்துவிடலாம். திறப்பு என்றால் அதற்குள்ளேயே மூடலும் உண்டு. ப்ரோக்ராம் அந்தப் பகுதியை விட்டு நேர்வழியில் வெளியேறினாலும் சரி, தப்பு நேர்ந்து பாதியில் வெளியேறினாலும் சரி, மூடல் தானாக நடக்கும். யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டாம். ஆனால், இது கட்டாயம் இல்லை. பழைய ‘சி’ பாணியிலும் எழுதலாம். எழுதினார்கள்.

ஜாவா மாதிரி மொழிகள் வேறு வழியில் போயின. குப்பை அள்ள ஒரு ஆளைப் போட்டுவிட்டார்கள். அவர் அவ்வப்போது வந்து, யாருக்கும் வேண்டாத மெமரியைப் பெருக்கி எடுத்துப் போவார். நல்ல ஏற்பாடு. ஆனால் அவர் எப்போது வருவார் என்று சொல்ல முடியாது. மெமரிக்கு அது போதும். டேட்டாபேஸ் இணைப்புக்குப் போதாது.

எனக்குத் தெரிந்த ஒரு பெண், அடையாறிலிருந்து தினமும் ஓ.எம்.ஆர். போகிறவர். கம்பெனி பெயர் வேண்டாம். அவர் எழுதிய ஜாவா ப்ரோக்ராமில், ஏதாவது பிழை நேர்ந்தால் மட்டும் போகிற ஒரு சந்துவழி. அந்த வழியில் டேட்டாபேஸ் இணைப்பை மூட விட்டுப்போயிற்று. இருப்பதோ கொஞ்சம் இணைப்புகள். பிழைகள் சேரச் சேர ஒவ்வொன்றாகத் தீர்ந்து, ஒரு திங்கட்கிழமை காலை எல்லாம் ஸ்தம்பித்தது. மேலதிகாரியிடமிருந்து மெயில் வந்தது. அதே வார்த்தை: கவனக்குறைவு. அந்த வருஷ இன்க்ரிமென்ட் போச்சு. திறக்கும்போதே மூடலையும் கட்டிவிடுகிற வசதி ஜாவாவில் 2011லேயே வந்துவிட்டது. அதைத்தான் உபயோகிக்க வேண்டும் என்று அந்தக் கம்பெனியில் சட்டம் போட்டவர் யாரும் இல்லை. சட்டம் போடாத மேலதிகாரிக்கு மெயில் அனுப்பினவரும் யாரும் இல்லை.

கட்டாயமாக்கினால் என்ன என்று கேட்ட மொழி ஒன்று இருக்கிறது. பெயர் ரஸ்ட். துருதான்! 2006ல் கனடாவின் வான்கூவரில், கிரேடன் ஹோர் என்கிற ப்ரோக்ராமர் வீடு திரும்பினார். ஃப்ளாட் 21ஆவது மாடியில். லிஃப்ட் ரிப்பேர். லிஃப்ட்டின் சாஃப்ட்வேர் செத்துப்போயிருந்தது, அதுவும் முதல் தடவை இல்லை. ‘ஒரு லிஃப்ட்கூட ஒழுங்காக ஓட்ட முடியவில்லையே நம்மால்’ என்ற எரிச்சலோடு மாடி ஏறினவர், ஒரு புது மொழிக்கு வேலையை ஆரம்பித்தார். பிற்பாடு மொசில்லா ஆதரித்தது. 2015 மே மாதம் முதல் முழுப் பதிப்பு வெளிவந்தது.

அதன் சட்டம் ரொம்பக் கறார். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே ஒரு சொந்தக்காரர். சொந்தக்காரரின் காலம் முடிந்தால் பொருள் தானாகத் திருப்பித் தரப்படும். மற்றவர்கள் இரவல் வாங்கலாம். எத்தனை பேர் வேண்டுமானாலும் படிக்கலாம். ஆனால் ஒருவர் திருத்துகிறார் என்றால் அந்த நேரத்தில் வேறு யாரும் தொடக்கூடாது. லைப்ரரி பேப்பர் மாதிரி. நாலு பேர் சுற்றி நின்று படிப்பதில் தப்பில்லை. ஒரு மாமா பேனாவை எடுத்துக் குறுக்கெழுத்துப் போட ஆரம்பித்தால்தான் சண்டை. இந்தச் சட்டத்தை மீறி எழுதினால் ப்ரோக்ராம் ஓடவே ஓடாது. எழுதும்போதே தடுத்து நிறுத்திவிடும். திட்டு வாங்குவது இயந்திரத்திடம், இன்க்ரிமென்ட் தப்பித்தது.

எதிர்க்கட்சியின் பெரிய ஆட்சேபணை ஒன்று உண்டு. ‘இவ்வளவு கறார் நடைமுறைக்கு ஒத்துவராது. அதனால்தான் அவர்களே பின்வாசல் வைத்திருக்கிறார்கள்’ என்பார்கள். உண்மை. வாசல் இருக்கிறது. வெளியே பார்த்தால் திருத்தக்கூடாத பொருள். உள்ளே மட்டும் ஒரு சின்னப் பெட்டியைத் திருத்தலாம். ‘ரெஃப்செல்’ என்று பெயர். சட்டம் போட்டவர்களே சட்டத்தை மீறலாமா?

இதற்குப் பதில் என் பழைய பாடப்புத்தகத்தில் இருக்கிறது. ஆபீஸின் பேரேடு மேனேஜரைத் தவிர யாரும் தொடக்கூடாதது. ஆனால் டீக்கும் ஆட்டோவுக்கும் தபால் தலைக்கும் ஒவ்வொரு தடவையும் பேரேட்டைத் திறந்துகொண்டிருக்க முடியுமா? அதற்காகத்தான் சில்லறைப் பெட்டி. இவ்வளவு ரூபாய் என்று முன்பணம் போட்டுப் பூட்டியிருக்கும். எடுக்கிறவர் வவுச்சர் வைக்கவேண்டும். பெட்டியில் இருக்கும் பணமும் வவுச்சரும் சேர்ந்து எப்போதும் அதே தொகை வரவேண்டும். வராவிட்டால் பெட்டிக்குப் பூட்டு. இது சட்ட மீறல் இல்லை. சட்டமே வகுத்துக் கொடுத்த விதிவிலக்கு.

ரெஃப்செல்லும் அப்படித்தான். படிக்கவோ திருத்தவோ ஒருவர் பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு குறிப்பு பதிவாகிறது. ஒருவர் திருத்திக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் கையை விட்டால் ப்ரோக்ராம் அதே இடத்தில் நின்றுவிடும். முதலாமவர் வேலை முடிந்து விலகியதும் குறிப்பு தானாக அழியும். அதையும் யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டாம். சட்டம் தளரவில்லை. எழுதும்போது நடக்கவேண்டிய சோதனை, ஓடும்போது நடக்கிறது. அவ்வளவுதான்.

நம்ம ஊர் விதிவிலக்கு எப்படி இருக்கும் என்று தி.நகர்க்காரர்களுக்குச் சொல்லவேண்டாம். 1999 பிப்ரவரிக்குள் விதி மீறிக் கட்டிய கட்டடங்களுக்கு, அபராதம் கட்டினால் போதும், ஒரே ஒரு தடவை மன்னிப்பு என்று நகர்ப்புறத் திட்டச் சட்டத்தில் 113-ஏ பிரிவைச் சேர்த்தார்கள். அந்த ஒரு தடவை 2000, 2001, 2002 என்று நீண்டது. 2006ல் சென்னை உயர் நீதிமன்றம் நீட்டிப்புகளை ரத்து செய்யவேண்டி வந்தது. கட்டி முடித்த பிறகு மன்னிப்பது நம்ம விதிவிலக்கு. மீறின அந்த நிமிஷமே வேலையை நிறுத்துவது அவர்கள் விதிவிலக்கு. எது கறார், எது ஓட்டை?

ரஸ்ட் என்ன கடவுளா என்றால், இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு பொருள்கள் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு, கல்யாணப் பந்தியில் ‘அவர் எழுந்தா நானும் எழுந்துக்கறேன்’ என்று இரண்டு பெரியவர்கள் உட்கார்ந்திருப்பதைப் போல உட்கார்ந்துவிட்டால், இலை எடுக்கவே முடியாது. ரஸ்டிலும் மெமரி ஒழுகும். 2025 நவம்பர் 18ஆம் தேதி, உலகத்தின் ஏராளமான இணையதளங்களுக்கு முன்வாசல் காவல்காரனாக இருக்கும் கிளவுட்ஃப்ளேர் கம்பெனி பல மணி நேரம் விழுந்து கிடந்தது. சாட்ஜிபிடி, எக்ஸ் எல்லாம் திணறின. ஒரு ஃபைல் எதிர்பார்த்த அளவுக்கு மேல் பெருத்துவிட, ‘இப்படி ஆகவே ஆகாது’ என்று ரஸ்டில் எழுதியிருந்த ஒரு வரி ப்ரோக்ராமை நிறுத்திவிட்டது. ‘பார்த்தீர்களா உங்கள் பத்திரமான மொழியை’ என்று ஒரே கொண்டாட்டம்.

அதே கம்பெனி 2017 பிப்ரவரியில் வேறு ஒரு தப்பை ஒப்புக்கொண்டது. ‘சி’யில் ஓடிக்கொண்டிருந்த ஒரு பகுதி, தனக்கு உரிய இடத்தின் எல்லையைத் தாண்டிப் படித்து, ஒரு வாடிக்கையாளரின் ரகசியத்தை இன்னொருவர் பக்கத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. மாதக்கணக்கில். யாருக்கும் தெரியாமல். சர்ச் எஞ்சின்கள் அதைப் பொறுக்கிச் சேர்த்தும் வைத்திருந்தன. 2025ல் கடை மூடியது, ஊருக்கே தெரிந்தது, அன்றைக்கே திறந்தது. 2017ல் கடை திறந்தே இருந்தது. பின்பக்கம் நகை போய்க்கொண்டிருந்தது. எந்த நாளில் நீங்கள் வாடிக்கையாளராக இருக்க விரும்புவீர்கள்?

‘எல்லாவற்றையும் புது மொழியில் திருப்பி எழுத முடியுமா சார்?’ என்பது அடுத்த கேள்வி. வேண்டாம். கூகுளின் ஆண்ட்ராய்டு குழு பழசை அப்படியே விட்டு, புதிதாக எழுதுவதை மட்டும் பெருமளவு பத்திரமான மொழிகளுக்கு மாற்றியது. பாதுகாப்பு ஓட்டைகளில் மெமரித் தவறுகளின் பங்கு 2019ல் 76 சதவிகிதம்; 2024ல் 24. அந்த ஐந்து வருஷத்தில் மனிதர்கள் திடீரென்று கவனசாலிகள் ஆகிவிடவில்லை. கருவி மாறியது.

மாற்றவே முடியாத பழைய ‘சி’க்கும் வழி தேடுகிறார்கள், அதுவும் அடையாறுக்குப் பக்கத்திலேயே. ஐ.ஐ.டி. மெட்ராஸில் உருவான ‘சக்தி’ ப்ராசஸரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதை அடிப்படையாக வைத்து, ‘சி’ ப்ரோக்ராமின் எல்லை தாண்டல்களையும் காலி பண்ணின வீட்டுக்குள் நுழைவதையும் சிப்பிலேயே தடுக்க முடியும் என்று அங்கேயுள்ள குழு 2019ல் ஒரு ஆய்வு வெளியிட்டது. இன்றைய இயக்குநர் காமகோடியும் அந்தக் குழுவில் உண்டு. சிலிக்கானைச் செதுக்கியாவது மனிதனின் மறதிக்கு அணை போடவேண்டும் என்று கிண்டியில் நினைக்கிறார்கள். அங்கிருந்து அரைமணி தூரத்தில், ஏ.சி. அறையில் உட்கார்ந்து ‘பி கேர்ஃபுல்’ என்று மெயில் அடிக்கிறார்கள்.

ஏன் மாறமாட்டேன் என்கிறார்கள்? இதுவும் கணக்குதான். கருவியை மாற்றினால் செலவு, பயிற்சிக்குச் செலவு, கொஞ்ச காலம் வேலை மந்தம். அதெல்லாம் கம்பெனியின் செலவுப் பக்கத்தில் ஏறும். இருபத்துமூன்று வயசுப் பையனைத் திட்டுவது எந்தப் பக்கத்திலும் ஏறாது. ஒழுகின சாஃப்ட்வேரால் வரும் நஷ்டத்தில் பெரும்பகுதி கம்பெனி கணக்கிலேயே வராது. அது ஏர்போர்ட் க்யூவில் நின்றவர் கணக்கில் வரும். 2024 ஜூலை 19ஆம் தேதி, கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு சாஃப்ட்வேர் தனக்கு இல்லாத மெமரியைப் படிக்கப் போய், உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்களைச் சாய்த்ததே, ஞாபகம் இருக்கிறதா? நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். மீனம்பாக்கத்தில் அன்று காத்துக் கிடந்தவர்கள் யாருடைய கவனக்குறைவுக்குப் பணம் கட்டினார்கள்?

அதனால் நம் பங்குக்குக் கேட்கவேண்டியதைக் கேட்போம். மக்கள் பணத்தில் சாஃப்ட்வேர் வாங்கும் இலாகாக்கள், வங்கிகள், ஆஸ்பத்திரிகள் டெண்டரில் இரண்டு கேள்வி சேர்க்கட்டும். திறந்ததை மூடுவது யார் பொறுப்பு, ப்ரோக்ராமர் ஞாபகமா, மொழியின் சட்டமா? விதி மீறினால் உங்கள் ப்ரோக்ராம் நிற்குமா, தெரியாத மாதிரி ஓடிக்கொண்டே இருக்குமா? கம்பெனிகளில், ‘யார் பண்ணினது?’ என்று ஆரம்பிக்கிற மெயிலுக்கு முன்னால், ‘இதைப் பண்ண முடிகிற மாதிரி வைத்திருந்தது யார்?’ என்று ஒரு மெயில் போகட்டும். கல்லூரிகளில் ‘சி’ சொல்லிக் கொடுங்கள், தப்பில்லை. மெமரி எப்படி நடக்கிறது என்று புரிய அதைவிட நல்ல வாத்தியார் இல்லை. ஆனால் அந்த வகுப்பிலேயே, அந்த மொழி யாருடைய ஞாபகத்தை நம்பி ஓடுகிறது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

மனிதன் மறப்பான். நாலு மணிக்குத் தூக்கம் வரும், குழந்தைக்கு ஜுரம் வரும், லோன்காரன் போன் பண்ணுவான். இதெல்லாம் தெரிந்தும் அவன் ஞாபகத்தின் மேல் ஆம்புலன்ஸை ஓட்டுகிறவர்களுக்குத்தான் அந்த வார்த்தை பொருந்தும். கவனக்குறைவு.